மக்கள் தொடர்புப் பணி

நிறுவனத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்க்கும் தொழில். இதை விளம்பரம் என்று தவறாகக் கருதுவோர் பலர். விளம்பர இடம் காசுக்குக் கிடைக்கும். ஆனால் செய்தியை வெளியிடுவது பத்திரிகை ஆசிரியரின் முடிவு. குறைகளை மூடிமறைப்பதே மக்கள் தொடர்பின் வேலை என்பது அதைவிடப் பெரிய தவறு. எடுத்துக்காட்டாக, 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகர் ஐவி லீ, விபத்து விவரங்களை நிறுவனமே அறிக்கையாக வெளியிடச் செய்தார். நவீனப் பத்திரிகை அறிக்கையின் தொடக்கமாக இது பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் அதே லீ, நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்துக்கு ஆலோசனை வழங்கி, 1934இல் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். அது நியாயமான கண்டனமே. விருந்துகளும் அறிமுகங்களும் இப்பணியில் சிறு பகுதிதான். அறிக்கை எழுதுவது, தகவல் சரிபார்ப்பது, கசப்பான உண்மையை முதலில் மேலதிகாரியிடம் சொல்வது ஆகியவற்றிலேயே பெரும்பொழுது கழிகிறது.