நாய்களின் அச்சம் தணித்தல்

நாய்களின் அச்சம் தணித்தல் என்பது இடி, வெடிச்சத்தம், தனிமை முதலியவற்றால் கலங்கும் நாயை இயல்புநிலைக்குக் கொண்டுவரும் முறைகளைக் குறிக்கும். வாலைக் காலிடுக்கில் ஒடுக்குதல், வெப்பமில்லாதபோதும் மூச்சிரைத்தல், தீனியைத் தொடாதிருத்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள்.

வரலாறு: 1924 செப்டம்பர் 23 அன்று நேவா ஆறு பெருகி லெனின்கிராடு நகருக்குள் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லவின் ஆய்வு நாய்கள் கொட்டிலிலிருந்து சிறு கூட்டங்களாக நீந்தவைக்கப்பட்டு ஆய்வகத்தின் மாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எப்போதும் சண்டையிடும் அவை அன்று ஒன்றையொன்று சீறக்கூட இல்லை. வெள்ளம் வடிந்தபின், ஆய்வில் பயிற்றப்பட்ட, மணியோசை கேட்டதும் எச்சில் ஊறும் பழக்கத்தைச் சில நாய்கள் இழந்திருந்தன. இயல்பிலேயே ஒடுங்கிய நாய்களே மிகுதியும் பாதிக்கப்பட்டன. உதவியாளர் ஸ்பெரான்ஸ்கி ஆராய்ந்த நாய், அவர் அறைக்குள் உடன் இருந்தபோது தேறியது. அவர் வெளியேறியதும் மீண்டும் கலங்கியது. அது நன்கு தேறியபின் கதவின் கீழே சத்தமின்றிச் சிறிது நீரைக் கசியவிட்டார்கள். நாய் துள்ளி எழுந்து, மூச்சிரைத்து, ஆய்வு மேடையிலிருந்து இறங்கத் தவித்தது, தீனியை ஏற்கவில்லை. பழகிய மனிதரின் அண்மை நாயைத் தேற்றும் என்பதை, ஸ்பெரான்ஸ்கி உடனிருந்தபோது அது தேறியது காட்டுகிறது.

முறைகள்: மனிதரின் அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை ஜோசப் வோல்பே 1958இல் நூலாக வெளியிட்டார். நாய்களுக்கும் அதுவே அடிப்படை. வெடிச்சத்தப் பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிட்டு, உடனே விருப்பமான தீனி தரவேண்டும். நாள்கள் செல்லச்செல்ல ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நாய் தீனியை மறுத்தால் ஒலி மிகுந்துவிட்டது என்று பொருள், உடனே குறைக்கவேண்டும். அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. அச்சம் ஓர் உணர்ச்சி. பரிசுக்காகச் செய்யும் வித்தையன்று. அடிப்பதும் அதட்டுவதும் கொடுமை. அவை அச்சத்தை மேலும் பெருக்கும்.

மருந்துகள்: தனித்து விடப்படும்போது நாய்க்கு வரும் பிரிவுத் துயருக்குக் குளோமிப்ரமின் மருந்தை அமெரிக்கா 1998இல் ஏற்றது. பயிற்சியோடு சேர்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே இதைக் கொடுக்கவேண்டும்.

இன்றைய நிலை: தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலையும் மாலையும் ஒவ்வொரு மணிநேரம் வரையறுக்கப்பட்டுள்ளது. அந்நேரத்தில் நாயைக் கட்டிவைக்காமல் உள்ளறையில் விட்டு, வீட்டார் ஒருவர் உடனிருப்பது நல்லது.