கிரயப் பத்திரமும் வாடகையும்: தமிழ்நாட்டில் சொத்து மதிப்பீட்டின் சான்றுச் சிக்கல்

சொத்தை மதிப்பிட மூன்று முறைகள் வழக்கில் உள்ளன: அக்கம்பக்கத்து விற்பனைகளோடு ஒப்பிடுதல், வாடகை வருவாயிலிருந்து மூலதன மதிப்பைக் கணித்தல், நிலவிலையோடு கட்டுமானச் செலவைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்தல். இவற்றுள் முதலாவதற்கே செல்வாக்கு அதிகம். தமிழ்நாட்டில் அதற்கு அத்தனை தகுதி இல்லை. வாடகைக் கணக்கே அதைச் சரிபார்க்கும் முதன்மைச் சான்றாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

ஒப்பீட்டுக்குச் சான்று கிரயப் பத்திரம். அதில் எழுதப்படும் தொகை எப்படி முடிவாகிறது? 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், இந்திய முத்திரைச் சட்டத்தில் 47-அ பிரிவைச் சேர்த்தது. விலை குறைத்துக் காட்டப்பட்டதாகக் கருதும் சார்பதிவாளர் ஆவணத்தை ஆட்சியருக்கு அனுப்ப இப்பிரிவு இடம் தருகிறது. சார்பதிவாளருக்குத் துணையாக வகுக்கப்பட்டதே வழிகாட்டி மதிப்பு. அது முதல்நோக்குக் கருவிதான், சந்தை மதிப்பை முடிவு செய்வதன்று என்பதை சாய் பாரதி – ஜெயலலிதா வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நடைமுறையிலோ முத்திரைத் தீர்வையும் மூலதன ஆதாய வரியும் குறைவதற்காகப் பல பத்திரங்கள் அந்த மதிப்பை ஒட்டியே எழுதப்படுகின்றன; மிச்சம் ரொக்கமாகக் கைமாறுகிறது.

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு மாநிலம் முழுவதும் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே உயர்த்தப்பட்டது. அந்த நாட்களில் எந்தத் தெருவிலும் மண்ணின் பயன் மாறிவிடவில்லை. வில்லங்கச் சான்றிலிருந்து தொகைகளை எடுத்து ஒப்பிடும் மதிப்பீட்டாளர், சந்தையைப் படிப்பதாக எண்ணி அரசாணையைப் படிக்கும் அபாயம் இங்கே இருக்கிறது.

இதன் சுமை முதலீட்டாளரோடு நிற்பதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களுள் விலை உயர்ந்த பாதியின் சராசரியையும் இழப்பீட்டுக்கு ஓர் அடிப்படையாகக் கொள்கிறது. உயர்ந்த பாதியை எடுப்பதும், அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை தருவதும் நல்ல காப்புகளே. ஆனாலும் பத்திரங்கள் எல்லாமே குறைத்து எழுதப்பட்ட ஊரில், நிலத்தை விற்க விரும்பாத விவசாயிதான் மற்றவர்கள் மிச்சப்படுத்திய தீர்வைக்கும் ஈடு கொடுக்கிறார். இதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

வாடகையைக் குறைத்துச் சொல்ல இத்தனை தூண்டுதல் இல்லை. தெருவில் நாலு வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடும். 800 சதுரடி அடுக்ககம் ஒன்று 80 லட்சத்துக்கு வருகிறது, மாத வாடகை 20,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000. சொத்துவரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,92,000. அதாவது விலையில் 2.4 விழுக்காடு. முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 8 விழுக்காடு என்றால், வாடகை என்றும் உயராத நிலையில் இவ்வீட்டின் மதிப்பு 24 லட்சம்தான். ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்ந்தால் 64 லட்சம். 80 லட்சம் கொடுப்பவர், 5.6 விழுக்காட்டு உயர்வு முடிவின்றித் தொடரும் என்று நம்புகிறார்.

வாடகை முறையால் நம் நகரங்களின் விலையை விளக்கவே முடியாது என்பது வழக்கமான மறுப்பு. விளக்க முடியாமல் எஞ்சும் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டுவதே அதன் பயன். கட்டடம் தேயும், எனவே நெடுங்கால நம்பிக்கையைத் தாங்கக்கூடியது பிரிக்கப்படாத நிலப்பங்கு ஒன்றே. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 1.5இலிருந்து 2 ஆக்கின. முழு அளவும் கட்டப்பட்டதாகக் கொண்டால், பழைய கணக்கில் 800 சதுரடி வீட்டுக்குச் சுமார் 533 சதுரடி நிலம் உண்டு. புதிய கணக்கில் 400தான். ஒரே தெருவில் இருக்கும் இவ்விரண்டையும் சதுரடி விலையால் ஒப்பிட்டு, பழையது மலிவு என்றோ புதியது உயர்வு என்றோ தீர்ப்பது பிழை. வங்கிகளின் மதிப்பீட்டு அறிக்கையில் வாடகை தாங்கும் மதிப்பு ஒரு வரியிலும், நிலப்பங்கின் அளவும் அதன்மேல் வைக்கப்பட்ட எதிர்பார்ப்பும் வேறொரு வரியிலும் தனித்தனியே இடம்பெற வேண்டும். கடனுக்குக் கையெழுத்திடும் முன்பே வாங்குவோர் அவ்விரண்டையும் பார்க்க வேண்டும்.