ஆடிப் பார்த்து எழுதினவங்க

ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்து கை ஓடாத நாள்லல்லாம் நான் நினைச்சுக்கிற ஆள் காதரீன் டன்ஹாம் (1909–2006). அமெரிக்கக் கறுப்பினப் பெண். நடனக்காரி. அதுக்கும் மேல, சிகாகோ பல்கலைக்கழகத்துல மானுடவியல் படிச்சவங்க.

1935-ல உதவித்தொகை கிடைச்சு ஜமைக்கா, ஹைட்டின்னு கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பினாங்க. ஓரமா நின்னு குறிப்பெடுத்ததோட நிறுத்தலை. ஊர்ச் சனங்களோட சேர்ந்து ஆடினாங்க. ஹைட்டியில வோடூ சமயத்துல தீட்சையே வாங்கிக்கிட்டாங்க. அங்கே உடம்புல ஏறின அசைவுகளை பாலேயோடயும் நவீன நடனத்தோடயும் கலந்து உருவாக்கினதுதான் 'டன்ஹாம் முறை'. இன்னைக்கும் சொல்லித் தர்றாங்க.

ஆட்டம் மட்டும் இல்லைங்க. 1944-ல கென்டக்கி மாநிலம் லூயிவில்ல கறுப்பர்களுக்குத் தனி இருக்கை போட்ட அரங்கம். ஆடி முடிச்சதும், எல்லாரும் கலந்து உட்கார்ற வரைக்கும் இங்கே திரும்ப ஆட மாட்டேன்னு மேடையில நின்னே சொல்லிட்டாங்க.

என்னை உலுக்கினது 1992. ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புச்சு. அதை எதிர்த்து, 82 வயசுல, 47 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க. மாணவியா ஆராயப் போன மக்களை அரை நூற்றாண்டு கழிச்சும் விடலை பாருங்க!

நானும் கள ஆய்வுக்குப் போய்ப் பேட்டி எடுத்தவன்தான். பேசினவங்க எல்லாம் இப்ப என் கோப்புல வெறும் வரிசை எண்கள். மூணாம் எண் பாட்டி, கிளம்பும்போது சோறு போட்டு அனுப்பினாங்க. போன வருஷமே போன் பண்றேன்னு சொல்லியிருந்தேன்.

இன்னைக்கு ராத்திரி பண்ணிடணும்.