விலைவாசியும் நெல்லும்: ஆலையடிவேம்பை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

பொருட்களின் விலை உயரும் காலங்களிலெல்லாம் இருவகை விளக்கங்கள் நம்மிடையே வழங்கி வருகின்றன. வணிகர் பதுக்குகின்றனர் என்பது ஒன்று. அரசாங்கம் அளவுக்கு மிஞ்சிப் பணத்தை அச்சிடுகின்றது என்பது மற்றொன்று. முன்னையது சந்தையிலே பிறப்பது. பின்னையது பொருளியல் நூல்களிலிருந்து வருவது. இரண்டிலும் உண்மையின் கூறுகள் உள்ளன. ஆயினும், நெல் விளையும் ஓர் ஊரிலே, நெல்லை விளைவித்தவனே சில மாதங்களின் பின் அரிசியை அதிக விலைக்கு வாங்க நேர்வது ஏன் என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் நிறைவான விடை தருவதில்லை. விலை ஏன் ஏறுகின்றது என்பதோடு, ஏறிய விலையின் சுமை எவர்மீது இறங்குகின்றது என்பதையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் நெற்செய்கைப் பிரதேசங்களுள் ஒன்றாகிய ஆலையடிவேம்பை முன்னிறுத்தி இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நெல்லாகப் பெற்ற கூலி

ஆலையடிவேம்பு தமிழர் பெரும்பான்மையாக வாழும் பிரதேசம். அதனை அடுத்துள்ள அக்கரைப்பற்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். குடியிருப்புகள் வேறாயினும் வயல் வட்டைகள் அருகருகே கிடக்கின்றன. பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவின் நீரும், சாகாமம் குளம் முதலியவற்றின் நீரும் இப்பகுதியின் நெற்செய்கைக்கு ஆதாரமாக இருந்து வந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், இறக்காமம் குளம் உள்ளிட்ட நீர்ப்பாசன வேலைகள் திருத்தப்பட்டபோது, அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்த இப்பிரதேசம் நெற்களஞ்சியமாக வளரும் வாய்ப்பைப் பெற்றது.

இந்நெற்செய்கையின் சமூக அமைப்பு நன்கறியப்பட்டது. பெருநிலமுடைய போடியார், அவருக்காக வயலைச் செய்துகொடுக்கும் முல்லைக்காரர், நீர்ப்பங்கீட்டையும் வேலிகாவலையும் மேற்பார்வை செய்யும் வட்டைவிதானை, அறுவடைக் காலத்தில் வந்து சேரும் கூலியாட்கள் என அது அடுக்கடுக்காக அமைந்திருந்தது. களவெட்டியிலே சூடடித்துப் பொலி தூற்றியதும் அவரவர் பங்கு நெல்லாகவே அளந்து கொடுக்கப்பட்டது. இவ்வுறவு சுரண்டலற்றது எனக் கொள்வது பெருந்தவறாகும். விதைநெல்லுக்கும் பஞ்சகாலத்து உணவுக்கும் போடியாரிடம் பட்ட கடன், அறுவடையின்போது வட்டியுடன் கழிக்கப்பட்டது. களத்தைவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களும் உளர். ஆயினும் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கூலி நெல்லாக அளக்கப்பட்ட வரையில், சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் உழைப்பாளியின் மரைக்கால் நெல் மரைக்கால் நெல்லாகவே இருந்தது. அவனுடைய உரிமை அளவைச் சார்ந்தது, பணத்தைச் சார்ந்ததன்று.

1949இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்தித் திட்டமும் அதன் பின்வந்த மாற்றங்களும் இவ்வமைப்பை உருமாற்றின. நீர் பெருகியது, செய்கை நிலம் விரிந்தது. குடியேற்றங்களால் இனவிகிதமும் அரசியலும் மாறின. 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 முதலாய புதிய நெல்லினங்களைத் தொடர்ந்து இரசாயன உரமும், உழவு இயந்திரமும், கிருமிநாசினியும் வயலுக்கு வந்தன. இவற்றுட் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்பட்டவை. நெல் உள்ளூரில் விளைந்தாலும் அதன் உற்பத்திச் செலவு அந்நியச் செலாவணியோடு பிணைக்கப்பட்டது. இயந்திரச் சொந்தக்காரருக்கும் உர வணிகருக்கும் கொடுக்க வேண்டியது பணம். ஆகவே கூலியும் படிப்படியாகப் பணமாயிற்று. பயிர்க்கடனைத் தீர்க்க வேண்டிய சிறுவிவசாயி, விலை மிகத் தாழ்ந்திருக்கும் அறுவடைக் காலத்திலேயே நெல்லை விற்கலானான். அவனிடம் களஞ்சியம் இல்லை. காத்திருக்கும் வசதியும் இல்லை.

2. பங்கீடும் அதன் முடிவும்

கிராமத்திலே நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு இணையான ஒன்று நாடளாவிய நிலையிலும் நிகழ்ந்தது. பெருந்தோட்டப் பயிர்களை ஏற்றுமதி செய்து உணவை இறக்குமதி செய்வதே குடியேற்றவாதம் இலங்கைக்கு விட்டுச்சென்ற பொருளாதார அமைப்பாகும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் நாட்டின் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்தே வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அவ்வாண்டிலேயே பங்கீட்டு முறை உருவாயிற்று. யுத்தத் தேவையிற் பிறந்த கூப்பன், யுத்தம் முடிந்த பின்னரும் மக்களின் உரிமையாக நிலைபெற்றது.

இவ்வுரிமைமீது முதற் பெருந்தாக்குதல் 1953இல் நிகழ்ந்தது. கொரிய யுத்தகாலத்து ஏற்றுமதி வருமானம் தளர்ந்தபோது, உலக அரிசி விலை உயர்ந்தே இருந்தது. 1952இல் சீனாவுடன் செய்த றப்பர்–அரிசி ஒப்பந்தம் ஓரளவு தணிப்பை அளித்ததாயினும் வரவு செலவுத் திட்டத்தின் நெருக்கடி நீங்கவில்லை. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். 1953 ஆகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடைபெற்றது. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டு அக்டோபரில் பதவி துறந்தார். இங்கு விலையை உயர்த்தியவர் எந்தக் கடைக்காரரும் அல்லர். ஏற்றுமதி வீழ்ச்சியின் சுமையை எவரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானித்த அரசே உயர்த்தியது.

1973இன் இறுதியில் எண்ணெய் விலை பன்மடங்காகியபோது இதே பிணி மீண்டும் தோன்றியது. அரிசி, கோதுமை மா, சீனி ஆகிய மூன்றின் உலக விலையும் ஏறின. பங்கீட்டின் அளவு குறைக்கப்பட்டது. நெல்லைக் கொள்வனவு செய்யும் ஏகபோக உரிமை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நெற் சந்தைப்படுத்தும் சபையிடம் இருந்தது. உத்தரவாத விலை 1974இல் புசலுக்கு 33 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அனுமதியின்றி அரிசியை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதும் தடைசெய்யப்பட்டது. உபரி விளையும் பிரதேசத்திலே நெல் தேங்கவும், பற்றாக்குறைப் பிரதேசத்திலே விலை உச்சத்தைத் தொடவும் இத்தடை வழிசெய்தது. கொடிய விளைவு மலையகத்திலே வெளிப்பட்டது. நெல்நிலமும் இல்லாது, போதிய கூலியும் இல்லாது வாழ்ந்த பெருந்தோட்டத் தொழிலாளரிடையே 1974இல் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. உணவு இருப்பது வேறு, அதனைப் பெறும் உரிமை இருப்பது வேறு என 1981இல் அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து நிறுவிய கருத்துக்கு நமது நாட்டிலேயே சான்று இருந்தது.

1977இன் பின் இப்போக்கு முடிவான வடிவம் பெற்றது. நாணயமாற்று வீதம் ஒருமைப்படுத்தப்பட்டு, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் என்ற நிலையில் மிதக்கவிடப்பட்டது. 1978இல் பங்கீடு மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. இம்மாற்றத்தின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பங்கீடு அரிசியின் அளவைத் தந்தது. முத்திரை ரூபாயைத் தந்தது. முத்திரையின் பெறுமதி மாறாதிருக்க, 1980இல் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 26.1 வீதத்தால் உயர்ந்தது. எந்தச் சட்டத்தையும் நீக்காமல், எவரிடமும் கேட்காமல், வறியோரின் உணவுரிமையைப் பணவீக்கம் கரைத்தது. களவெட்டியிலே நெற்கூலி பணக்கூலியானபோது உழவன் இழந்த பாதுகாப்பையே, அளவு முத்திரையானபோது நுகர்வோனும் இழந்தான்.

3. 2021–2022

அண்மைக்கால நெருக்கடியை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. குறைந்த வரி வருமானத்தை ஈடுசெய்ய மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களைப் பேரளவில் வாங்கியது. 'பணத்தை அச்சிடுதல்' எனப்பட்டது இதுவே. பெருந்தொற்றினால் சுற்றுலா வருமானம் அற்றுப்போயிற்று. வெளிநாட்டுக் கடன் தவணைகள் அந்நியச் செலாவணி ஒதுக்கை அருந்தின. இந்நிலையில் 2021 வசந்தத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்துக்கான பருவம் பெரும்பாலும் கடந்திருந்தது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் ஏறத்தாழ 34 இலட்சமாக வீழ்ந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டதும், டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து மே மாதத்துள் 360 ரூபாயை அண்மித்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகவும் இருந்தது.

பணம் பெருகியதும் நெல் குறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஆகவே ஒன்றை மட்டும் காரணமெனக் காட்டுவது பொருந்தாது. கட்டுப்பாட்டு விலையின் எல்லையும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அவசரகால ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே அது விலக்கப்பட்டது. களஞ்சியத்தைக் கையில் வைத்திராத அரசு, வர்த்தமானியில் விலையை எழுத முடிந்ததேயன்றி அதனை நிலைநாட்ட முடியவில்லை. நெற்செய்கையாளரோ இரு பக்கமும் நெருக்குண்டனர். உரமும் டீசலும் டொலரின் விலையில் வந்தன. நெல் குறைந்து விளைந்தது. சமையலறைக்கு வேண்டிய பருப்பு, சீனி, பால்மா, தேங்காயெண்ணெய் ஆகியவற்றின் விலை கூலியைத் தாண்டிச் சென்றது.

எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட தமது நூலில், உற்பத்தியை வளர்க்காது பரிமாற்றத்தில் இலாபம் ஈட்டும் வணிக மூலதனத்தின் ஆதிக்கமே பின்தங்கிய பொருளாதாரத்தின் இயல்பு என வாதிட்டார். களத்துக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட வெளியை நோக்கினால் அவ்வாதத்தின் வலிமை புலனாகும். கடன் கொடுப்பவன், நெல் வாங்குபவன், ஆலை வைத்திருப்பவன், சேமித்து வைப்பவன் ஆகியோரின் கைகளில் காலமே இலாபமாகின்றது. அறுவடைக்கும் பற்றாக்குறைக்கும் இடைப்பட்ட மாதங்களை விலையாக மாற்றும் ஆற்றல் அவர்களுக்குண்டு, விளைவித்தவனுக்கு இல்லை.

4. தவறான எதிரி

பதுக்கல் பற்றிய பேச்சு, இவ்வமைப்பை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்கும்போது ஆபத்தாகின்றது. முதலாம் உலக யுத்தம் இறக்குமதியைக் குலைத்து விலையை ஏற்றிய காலத்திலேதான், 1915 மே இறுதியில், கண்டியில் தொடங்கிய வன்செயல் முஸ்லிம் கடைகள்மீது பரவியது. சில்லறை வணிகத்திலே முன்னின்ற கரையோரச் சோனகர்மீது விலையேற்றத்தின் பழி சுமத்தப்பட்டதை, அக்கலவரத்தின் பொருளாதாரக் காரணங்களை 1981இல் மீளாய்வு செய்த ஏ. சி. எல். அமீர் அலியும் எடுத்துக்காட்டியுள்ளார். யுத்தம் ஏற்றிய விலைக்கு ஒரு சமூகம் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

கிழக்கில் இப்பாடம் மிகவும் தேவைப்படுகின்றது. 1985இன் பின் இங்கே தமிழ்–முஸ்லிம் உறவு பலமுறை குருதியிற் தோய்ந்தது. வயலுக்குச் செல்லும் பாதைகளும் அச்சத்துக்குரியனவாயின. ஒரு சமூகத்தவர் உழைப்பவராகவும் மற்றவர் வணிகராகவும் மட்டுமே உள்ளனர் என்னும் எண்ணம், இரு சமூகங்களிலும் போடியாரும் கூலியாளும் கடைக்காரரும் உள்ளனர் என்னும் உண்மையை மறைக்கின்றது. உரவிலை ஏறியபோது அக்கரைப்பற்று முஸ்லிம் சிறுவிவசாயிக்கும் ஆலையடிவேம்புத் தமிழ் விவசாயிக்கும் வேறு வேறு சிட்டை எழுதப்படவில்லை.

மேற்கண்டவற்றால் நாம் வந்தடையும் முடிவு இதுவாகும். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மத்திய வங்கிக்குரியது. அரசாங்கத்தின் உண்டியல்களை முதனிலைச் சந்தையில் வாங்குவதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அது சுமையின் பங்கீட்டை மாற்றப்போவதில்லை. நெல்லாகப் பெற்ற கூலி பணமாயிற்று. அரிசியாகப் பெற்ற பங்கீடு முத்திரையாகிப் பின்னர் பண உதவியாயிற்று. ஒவ்வொரு முறையும் உரிமை பணமாக்கப்பட்டது. பின்னர் பணம் தேய்ந்தது. விவசாயிகளின் கூட்டுறவுக் களஞ்சியங்களும், அறுவடைக் காலத்தில் நெல்லை ஈடாக வைத்துப் பெறக்கூடிய நியாயமான கடனும், விலைச்சுட்டெண்ணோடு உயரும் கூலியும் உதவித்தொகையும் இவ்விழப்பை ஓரளவேனும் மீட்கக்கூடிய வழிகளாகும். இவை தானமாகக் கேட்கப்படுவன அல்ல. முன்பு அளந்து கொடுக்கப்பட்டதைத் திருப்பி அளக்குமாறு கேட்பதேயாகும்.