அடங்காப்பிடாரி ஹைஸ்கூலுக்குப் போன கதை

மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவள் கழுத்தில் தாலி ஏறக்கூடாது என்பது நம் வீடுகளில் பழைய சட்டம். இந்தச் சட்டத்தை அச்சாணியாக வைத்து, 1590-ஐ ஒட்டிய வருஷங்களில் லண்டனில் ஒரு மனிதர் ஹாஸ்ய நாடகம் எழுதினார். மனிதர் ஷேக்ஸ்பியர். நாடகம் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'. அடங்காப்பிடாரியை அடக்கிய கதை. 1963-ல் 'அறிவாளி' என்ற பெயரில் இது தமிழ்ப் படமாகவும் வந்தது. சிவாஜி கணேசன் அடக்கினார், பானுமதி அடங்கினார்.

மூலக் கதை நடப்பது இத்தாலியில், பாதுவா நகரில். பாப்டிஸ்டா என்ற செல்வருக்கு இரண்டு பெண்கள். இளையவள் பியாங்காவுக்கு வாசலில் வரன்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூத்தவள் காதரீனா வாயைத் திறந்தால் ஊரே ஓடும். மூத்தவளுக்கு ஆகாமல் இளையவளுக்கு இல்லை என்கிறார் தகப்பனார். அப்போது வெரோனாவிலிருந்து பெட்ரூக்கியோ வந்து சேருகிறான். பணக்காரப் பெண்ணாகக் கட்டிக்கொள்ளத்தான் வந்தேன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறான். கையில் 20,000 பொற்காசு, மாமனார் காலத்துக்குப் பிறகு நிலத்தில் பாதி என்று பேரம் முடிகிறது.

கல்யாணம் ஆன பிறகுதான் அடக்குமுறை ஆரம்பம். சமையல் சரியில்லை என்று தட்டைத் தூக்கி எறிகிறான். படுக்கை சரியில்லை என்று கலைத்துப் போடுகிறான். எல்லாம் அவள்மேல் உள்ள கரிசனத்தாலாம்! ஆக அவளுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. வேட்டைப் பருந்தைப் பட்டினி போட்டுப் பழக்குகிற முறை இது என்று அவனே நம்மிடம் சொல்லிவிடுகிறான். கடைசியில் விருந்து ஒன்றில் பந்தயம் கட்டுகிறார்கள்: யாருடைய மனைவி கூப்பிட்டவுடன் வருவாள்? காதரீனா வருகிறாள். வந்ததோடு நிற்காமல், புருஷனே அரசன், அவன் காலடியில் கையை வைக்கவும் சித்தமாக இருக்க வேண்டும் என்று மற்றப் பெண்களுக்கு நாற்பது வரிக்கு மேல் உபதேசம் செய்கிறாள். திரை விழுகிறது.

இந்தப் பிரசங்கம் அன்றிலிருந்தே தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்துவந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோதே ஜான் ஃப்ளெட்சர் என்ற நாடகாசிரியர், பெட்ரூக்கியோவின் இரண்டாம் தாரம் அவனை அடக்குவதாக ஒரு பதில் நாடகம் எழுதிவிட்டார். 1633 நவம்பரில் சார்லஸ் மன்னரின் சபையில் இரண்டு நாடகங்களும் இரண்டே நாள் இடைவெளியில் நடந்தன. முதல் நாடகம் பிடித்தது, இரண்டாவது மிகவும் பிடித்தது என்று அரண்மனை அதிகாரி குறித்துவைத்திருக்கிறார். 1897-ல் பெர்னார்ட் ஷா, கடைசிக் காட்சியைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். 1929-ல் வந்த பேசும் படத்தில் மேரி பிக்ஃபோர்டு உபதேசத்தை ஒப்பித்துக்கொண்டே கண்ணைச் சிமிட்டிவிட்டார். அந்தச் சிமிட்டலில் உபதேசம் பொய்யாயிற்று.

சரி, முள்ளை எடுப்பதே இல்லையா? 1999-ல் ஹாலிவுட்டில் இரண்டு பெண்கள் முயன்று பார்த்தார்கள். கேரன் மக்கல்லா, கிர்ஸ்டன் ஸ்மித் என்ற அந்த இருவரும் எழுதிய படம் 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ'. உன்னிடம் நான் வெறுக்கும் பத்து விஷயங்கள் என்று அர்த்தம். பாதுவா நகரம் இதில் பாதுவா ஹைஸ்கூல் ஆகிவிட்டது. காதரீனா கேட் ஆனாள். பெட்ரூக்கியோ பாட்ரிக் வெரோனா ஆனான். படம் எடுத்தது டகோமா நகரின் ஸ்டேடியம் ஹைஸ்கூலில். 1891-ல் ரயில்வே கம்பெனிக்காரர்கள் ஹோட்டலுக்கென்று கட்ட ஆரம்பித்து, பிறகு பள்ளிக்கூடமாக மாறிய கோட்டை போன்ற கட்டிடம் அது.

கல்யாணக் கதைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வேறு இடம் கிடையாது என்பதுதான் என் பதில். அமெரிக்காவில் வயது வந்த பெண் யாரோடு பழகுவது என்பதற்குத் தகப்பன் உத்தரவு தேவைப்படாத காலம் அது. தகப்பன் சொல் செல்லுபடியாகிற கடைசி இடம் ஹைஸ்கூல் வயதுப் பெண் இருக்கிற வீடுதான். படத்தில் தகப்பனார் பிரசவ டாக்டர். சின்னப் பெண்கள் பிரசவத்துக்கு வருவதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர். மூத்தவள் ஒரு பையனோடு வெளியே போனால் இளையவளும் போகலாம் என்கிறார். மூத்தவளாவது, போவதாவது என்ற தைரியம் அவருக்கு!

பணமும் வருகிறது. இளையவள்மேல் கண் வைத்த பணக்காரப் பையன், கேட்டை வெளியே அழைத்துப் போவதற்குப் பாட்ரிக்குக்குக் கூலி கொடுக்கிறான். பழைய நாடகத்தில் வரதட்சணை சபையறிந்த சமாசாரம், யாருக்கும் வெட்கமில்லை. இங்கே அதே பணம் ரகசியம். ரகசியமாக இருப்பதனாலேயே பாவம். உண்மை தெரிந்த நிமிஷத்தில் காதல் உடைகிறது.

கேட்டின் கோபத்துக்குப் படம் காரணம் காட்டுகிறது. அந்தப் பணக்காரப் பையன் முன்பு அவளையே ஏமாற்றியவன். இங்கேதான் எனக்குச் சிறு மனத்தாங்கல். ஆண் கோபக்காரனாக இருந்தால் அது அவன் சுபாவம் என்று விட்டுவிடுகிறோம். பெண் கோபித்தால் மட்டும் உள்ளே ஒரு காயத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதுவும் ஒருவகை அடக்குதல்தான்.

ஆனால் முள்ளை எடுத்த விதம் அழகு. வகுப்பில் வாத்தியார், ஷேக்ஸ்பியரின் 141-ம் கவிதையைப் பின்பற்றி ஆளுக்கொன்று எழுதி வரச் சொல்கிறார். கேட் எழுந்து தன் வெறுப்புக் கணக்கைப் படிக்கிறாள். கணக்கு முடிவதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. வெறுப்பு அன்பாக முடிந்துபோகிறது. காதரீனா பேசியது புருஷன் உத்தரவின் பேரில், பந்தயம் கட்டினவர்கள் முன்னிலையில், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சேர்த்து. கேட் தன்னைப் பற்றி மட்டும் பேசுகிறாள். யாருக்கும் அதில் லாபமில்லை.

இருந்தாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு செக். காதரீனா அடங்கிவிட்டாள் என்று கண்டதும் பாப்டிஸ்டா, இவள் வேறு பெண்ணாகிவிட்டாள், வேறு வரதட்சணை தருகிறேன் என்று மருமகனுக்கு இன்னொரு 20,000 பொற்காசு கொடுக்கிறார். கேட்டின் ஆசையோ நாட்டின் மறுகோடியில் உள்ள சாரா லாரன்ஸ் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பது. அவ்வளவு தூரம் கூடாது என்று படம் முழுக்க மறுத்துவந்த டாக்டர், கடைசியில் மனம் மாறி, பணத்தை அனுப்பியாகிவிட்டது என்கிறார். நானூறு வருஷம் கழித்தும் தகப்பன்தான் பணம் கட்டுகிறான். போய்ச் சேருகிற விலாசம் மட்டும் மாறியிருக்கிறது.