‘கல்யாண சமையல் சாதம்’: பந்திக்கு முந்திய பதற்றத்தைச் சொன்ன படம்

காஜாங்கில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டால், அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் தொடங்கிவிடும். மண்டபம், ஐயர், மேளம், சமையல், பத்திரிகை, புடவை, தாலி என்று அது நீண்டுகொண்டே போகும். அதில் எழுதப்படாமல் போவது மணமக்களின் மனநிலை. அதையே கதையாக்கிச் சிரிக்க வைத்த தமிழ்ப் படம் ‘கல்யாண சமையல் சாதம்’.

2013 டிசம்பர் 6-ஆம் தேதி திரைக்கு வந்த இது, இயக்குநர் ஆர்.எஸ். பிரசன்னாவின் முதல் படம். நடிகர் பிரசன்னாவும் லேகா வாஷிங்டனும் மணமக்களாக நடித்தனர். பெண்ணின் பெற்றோராக டெல்லி கணேஷும் உமா பத்மநாபனும் வருகிறார்கள். கிரேஸி மோகனும் நடித்திருக்கிறார். இசை அரோரா. தயாரிப்பாளர்களில் ஒருவரான அருண் வைத்தியநாதன், 2009-இல் பிரசன்னா, சினேகா நடித்த ‘அச்சமுண்டு! அச்சமுண்டு!’ படத்தை இயக்கியவர்.

கதை என்ன?

சென்னையில் ஒரு நடுத்தர பிராமணக் குடும்பம். மகள் மீராவுக்கு வரன் தேடுகிறார்கள். இணையம் வழியாக ரகுவின் ஜாதகம் வருகிறது. இரு வீட்டாருக்கும் பிடித்துப்போக, நிச்சயதார்த்தம் நடக்கிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம், மெல்ல மெல்லக் காதலாகிறது.

கல்யாணத்துக்கு இடைப்பட்ட மாதங்களில்தான் சிக்கல். மன அழுத்தத்தால் தனக்கு ஆண்மைக் குறைபாடு ஏற்பட்டிருப்பது ரகுவுக்குத் தெரியவருகிறது. நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவனும் வைத்தியம் தேடி அலைகிறான். வீட்டிலோ ஏற்பாடுகள் நிற்காமல் நடக்கின்றன. கடைசியில் விஷயம் பெரியவர்கள் காதுக்கும் எட்டிவிடுகிறது.

சொல்லவே கூச்சப்படும் விஷயம் இது. கொஞ்சம் தவறினாலும் ஆபாசமாகிவிடும். ஆனால் படம் அந்த இளைஞனைக் கேலிப் பொருளாக்கவில்லை. அவனைச் சுற்றியிருப்பவர்கள் பேசத் தெரியாமல் திண்டாடுவதுதான் சிரிப்பாகிறது. உறவினர் நிறைந்த வீட்டில் இரண்டு பேர் தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லை என்பதே படத்தின் நகைச்சுவை; படத்தின் வலியும் அதுதான்.

பெயர் வந்த வழி

படத்தின் பெயர், 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் வந்த ‘மாயாபஜார்’ படப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. திருச்சி லோகநாதன் பாடிய அந்தப் பாட்டில், கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியொருவராக உண்டு முடிப்பார். கெளரவர் பக்கம் முடிவான திருமணத்தைக் குலைத்து, அபிமன்யுவுக்கு அவன் விரும்பிய வத்சலாவைச் சேர்த்துவைக்கவே அத்தனை மாயமும்.

கல்யாண வீட்டுக் கலாட்டா தமிழருக்குப் பழக்கமான நகைச்சுவைக் களம். 1963-இல் ஆனந்த விகடனில் தொடராக வந்த சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’, நம்மூர்க் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வாசகர்களைச் சிரிக்க வைத்தது. 1982-இல் விசு இயக்கிய ‘மணல் கயிறு’ படத்தில், எஸ்.வி. சேகர் எட்டு நிபந்தனைகள் போட்டுப் பெண் தேடுவார். இவற்றில் வேடிக்கை சடங்கிலும் தரகிலும் பிறந்தது. 2013-இல் வந்த படம், மாப்பிள்ளையின் உள்ளப் பயத்துக்குள் இறங்கியது.

இந்திக்குப் போன படம்

ஆர்.எஸ். பிரசன்னாவே இதை ‘ஷுப் மங்கள் சாவ்தான்’ என்ற பெயரில் இந்தியில் எடுத்தார். ஆயுஷ்மான் குரானா, பூமி பெட்னேகர் நடித்த அப்படம் 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி வெளியானது. அவர் பின்னர் ஆமிர்கான் நடித்த ‘சித்தாரே ஜமீன் பர்’ (2025) படத்தையும் இயக்கினார்.

நம் வீட்டுக் கல்யாணத்தில்

படத்தில் வரும் நெருக்கடி சென்னைக்கு மட்டும் உரியதல்ல. காஜாங்கிலிருந்து கேடிஎம் ரயிலில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே ரயில் மாறினால் கிள்ளான். புடவைக்கும் நகைக்கும் மாலைக்கும் வார இறுதிகள் இப்படியே கரையும்.

மலேசியாவில் இதோடு சட்ட நடைமுறையும் உண்டு. முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் பொருந்தும். இது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. வழக்கமான முறைப்படி, மணமக்கள் தேசியப் பதிவிலாகாவில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 21 நாள்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பிறகே திருமணம் நடத்தலாம். ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கான அவகாசம் அது. ஊராருக்குச் சட்டமே 21 நாள் கொடுக்கிறது. மணமக்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச, குடும்பங்கள் ஒரு மாலைப்பொழுதையாவது ஒதுக்கலாமே என்று இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும்.

படம் தொட்ட பிரச்சினை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பதற்றமும் களைப்பும் இதற்குக் காரணமாகலாம். ஒருமுறை ஏற்பட்ட பயமே மறுமுறையும் தடையாக நிற்கும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவையும் பின்னணியில் இருக்கலாம். எனவே தொடர்ந்து நீடித்தால் லேகியமும் நண்பர்களின் யோசனையும் போதாது. மருத்துவரைப் பார்ப்பதே சரி.

கல்யாணம் என்றால் ஆயிரம் வேலை இருக்கும். தாலி கட்டிய மறுநாள் மண்டபத்தையும் மேளத்தையும் யாரும் நினைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. சேர்ந்து வாழப்போவது இரண்டு பேர். ரகுவின் குறையைத் தெரிந்துகொண்ட பிறகும் மீரா அவனை ஒதுக்கிவிடவில்லை. குடும்பத்தோடு பார்க்கத் தயங்க வைக்கும் ஒரு விஷயத்தை, குடும்பமே பேச வேண்டிய விஷயமாக மாற்றியதுதான் இப்படத்தின் சாதனை.