மசக்கைக்கு மருத்துவம்: செஞ்சி, வல்லம் வட்டாரத்தின் கதை

கருத்தரித்த ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் தொடங்கும் குமட்டலும் வாந்தியும் மசக்கை எனப்படும். ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்துக்குள் அது அடங்கிவிடும். பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்கு இது ஓரளவு உண்டு. நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் கடுமையாகிறது. அப்போது குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சிறுநீர் சுண்டி, நிறம் அடர்ந்துவிடும். உணவு கிடைக்காத உடல் தன் கொழுப்பையே கரைப்பதால் சிறுநீரில் கீட்டோன் காணப்படும். மருத்துவ நூல்கள் இந்த நிலையை ஹைப்பர்எமெசிஸ் என்று குறிக்கின்றன. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பக்கத்து வல்லம் ஒன்றியத்திலும் இந்த நோய்க்கு மருத்துவ உதவி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. பேறுகால மருத்துவம் இங்கே பின்னிருந்து முன்னாக வளர்ந்தது. பிரசவ வலிக்கு முதலில் உதவி வந்தது. பிறகு நிறைமாதத்துக்கு வந்தது. முதல் மூன்று மாதங்களுக்குக் கடைசியில்தான் வந்தது.

பழைய அறிவும் வீட்டு வைத்தியமும்

மசக்கையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலிருந்தே கவனித்திருக்கிறார்கள். கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு மண் தின்பதைப் புறநானூற்றின் 20ஆம் பாடல் ஓர் அரசனின் நாட்டுக் காவலைப் புகழும் இடத்தில் குறிப்பிடுகிறது. கர்ப்பிணியின் ஆசைகளை நிறைவேற்ற வேண்டும் என்று சுசுருத சங்கிதை சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கிரேக்கரான சொரானஸ், கருவுற்ற நாற்பதாம் நாளையொட்டிக் குமட்டல் தொடங்குவதையும், கண்டதைத் தின்னும் ஆசை எழுவதையும் எழுதி வைத்திருக்கிறார்.

செஞ்சி வட்டாரம் ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த பூமி. நெல்லோடு கேழ்வரகும் கம்பும் மணிலாவும் விளைகின்றன. இங்கே மசக்கைக்காரிக்கு வீட்டில் கொடுத்தவை நெற்பொரிக் கஞ்சி, உப்புப் போட்ட நீராகாரம், எலுமிச்சை அல்லது நார்த்தங்காய் ஊறுகாய், சுக்குத் தண்ணீர், மாதுளைச் சாறு ஆகியவை. மாதுளைச் சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சிய மாதுளை மணப்பாகு சித்த மருத்துவத்தில் கர்ப்ப வாந்திக்குரிய மருந்து. இந்தப் பட்டியலில் மருத்துவ அறிவு இல்லாமல் இல்லை. கஞ்சியும் நீராகாரமும் நீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் சிறிது சிறிதாக உடலுக்குள் சேர்த்தன. குமட்டலை இஞ்சி தணிக்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் ஏற்றுக்கொண்டன. ஆனால் விழுங்கியது எதுவும் தங்காத பெண்ணுக்கு வாய்வழி வைத்தியத்தால் பயனில்லை.

அந்த நிலையில் குடும்பங்கள் வேறு காரணங்களைத் தேடின. சாப்பாட்டை வெறுத்து, பேச்சுக் குழறிக் கிடக்கும் பெண்ணைக் காத்துக் கருப்பு பிடித்திருப்பதாக நினைத்து மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பேய், பில்லி, சூனியம் நீக்கும் தலமாக வட தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது. அமாவாசை இரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு இன்றும் பெருங்கூட்டம் திரள்கிறது.

வழக்கமும் ஒரு தடையாக இருந்தது. மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பல வீடுகளின் கட்டுப்பாடு. சடங்குகள் எல்லாம் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான். வளைகாப்பு ஏழிலோ ஒன்பதிலோ நடக்கும். ஊர் மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். அவளைக் கூப்பிடுவது வலி கண்ட பிறகே. மசக்கை கடுமையாகும் காலம், குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாத காலமாக இருந்தது.

ஐரோப்பாவிலும் கையறு நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை மருத்துவமும் இதில் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. 1852இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் பேசிய பால் அந்துவான் துபுவா, ஓயாத வாந்தியால் இறந்த இருபது கர்ப்பிணிகளைப் பற்றித் தெரிவித்தார். 1855இல் கர்ப்பிணியாக இறந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிரான்டிக்கும் இந்நோயே இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் சீரியம் ஆக்சலேட் என்ற உப்பைப் பரிந்துரைத்தார். அது பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. ஆசனவாய் வழியாகச் சத்து நீர் செலுத்திப் பார்த்தார்கள். எதுவும் பலிக்காதபோது கருவைக் கலைப்பதே உயிர் காக்கும் வழி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மனநோய் என்ற கருத்தும் வலுப்பெற்றது. பெண் உள்ளூர அந்தக் குழந்தையை வெறுக்கிறாள் என்று சொல்லி, உறவினரைப் பார்க்கவிடாமல் தனியறையில் வைத்த மருத்துவமனைகள் உண்டு. எல்லாரும் பெறாத பிள்ளையா என்று மாமியார் கேட்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

திண்டிவனத்து இரவு

1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு செஞ்சி அரசியல் முக்கியத்துவத்தை இழந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் கடலூரில் அமைந்தது. ரயில் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போயிற்று. செஞ்சிக்கு ரயில் வரவில்லை. சென்னை எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. பிரசவத்துக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட மிகப் பழைய மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. செஞ்சிக்காரருக்கு அது எட்டாத தொலைவு. பக்கத்து ஊரான திண்டிவனமே சுமார் 28 கிலோமீட்டர். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகும் கட்டை வண்டியில் ஏழு மணி நேரம். குழிக்குக் குழி வாந்தி எடுக்கும் பெண்ணை அப்படிக் கொண்டுபோக யாரும் துணிவதில்லை.

தொலைவைவிடப் பெரிய தடை, ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. அது எவ்வளவு இறுக்கமானது என்பதைக் காட்டிய நிகழ்ச்சி திண்டிவனத்திலேயே நடந்தது. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கே பணியாற்றி வந்தார். 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து என மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது மருத்துவரை அல்ல, மருத்துவம் படிக்காத அவருடைய மகள் ஐடாவை. தந்தையை அழைத்துப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் திரும்பினார்; 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார்; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. சென்னையில் மேரி ஷார்லீப் 1875இலேயே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். சாதி இந்துப் பெண்களுக்கும் திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்குமாக அங்கே 1885இல் மருத்துவமனை ஏற்படக் காரணமானார். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பெண் மருத்துவர் என்ற கதவு இப்படித் திறந்தது. ஆனால் திண்டிவனத்துக் கணவர்கள் மூவரும் வந்தது பிரசவத்துக்காக. சாதியையும் வழக்கத்தையும் மீறி வீட்டை விட்டு வெளியே உதவி தேடுவதற்குப் பிரசவ வலி ஒரு நியாயமாயிற்று. இரண்டாம் மாதத்து வாந்திக்கு அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை.

உப்பு நீரும் வைட்டமினும்

நோயின் போக்கை மாற்றியது நரம்பு வழியாக ஏற்றும் உப்பு நீர். ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா 1832இலேயே காலரா நோயாளிகளுக்கு அதைச் செய்து பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியனார்டு ரோஜர்ஸ் காலராவுக்கு அடர்ந்த உப்பு நீரை ஏற்றிச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். அந்த முறை மெல்ல மகப்பேறு வார்டுகளுக்கும் வந்தது. பிரிட்டனில் 1931–40இல் பத்து லட்சம் பிறப்புக்கு 159 தாய்மார் இந்நோயால் இறந்தார்கள். 1951–60இல் அது 3 ஆகக் குறைந்தது.

இரண்டாவது மருந்து தயமின் என்னும் வைட்டமின் பி1. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கே போதும். வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோய், பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, அறிவு குழம்பும். கார்ல் வெர்னிக்கி 1881இல் விவரித்த இந்த மூளை நோயின் முதல் மூன்று நோயாளிகளில் ஒருவர், ஓயாத வாந்தியால் அவதிப்பட்ட ஒரு பெண். பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட சில பெண்களின் நிலைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். தயமினின் வேதியமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில், அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்கு 1886இல் பிறந்தவர் அவர்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பது ஊர்ப்புற நம்பிக்கை. தயமின் தீர்ந்துபோன உடலில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி வெர்னிக்கி நோய் சட்டென்று வெளிப்படும். அதனால்தான் முதலில் தயமின் ஊசி, உப்பு நீர், குறைந்திருந்தால் பொட்டாசியம், பிறகே குளுக்கோஸ் என்ற வரிசையை மருத்துவர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

மாத்திரைகளின் வரலாறு கசப்பானது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடை மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. அந்த அச்சத்தின் நிழல் நல்ல மருந்தின் மீதும் விழுந்தது. டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டது. வழக்குகளின் நெருக்கடியால் 1983இல் நிறுத்தப்பட்டது. தீங்கில்லை என்று ஆய்வுகள் காட்டியபின் 2013இல் மீண்டும் அனுமதி பெற்றது. இந்தியாவில் இதே கலவை இன்று மசக்கைக்கு முதலில் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று.

ஊருக்கு வந்த மருத்துவம்

கிராமங்களுக்கு மருத்துவத்தைக் கொண்டுபோக, நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாகாணம் 1924இல் மானியம் பெறும் கிராம வைத்தியர் திட்டத்தைத் தொடங்கியது. 1926இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டமும் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தன. 1946இன் போர் (Bhore) குழு அறிக்கையைத் தொடர்ந்து, 1952 முதல் வட்டாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. எழும்பூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்றுப் பாடநூல் 1938 முதல் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பயன்பட்டு வருகிறது.

வல்லம் போன்ற ஒன்றியங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரார் அவரை நர்ஸம்மா என்பார்கள். சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. வீடு வீடாகப் போய், யார் தலைமுழுகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து பதிவு செய்வது அவர் வேலை. எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்த அளவு ஆகியவற்றை அட்டையில் குறிக்கிறார். போன முறை 48 கிலோ இருந்தவர் இந்த முறை 45 என்றால், வீட்டார் சாதாரண மசக்கை என்று சொன்னாலும் அட்டை வேறு சொல்லும்.

முதல் மாதங்களிலேயே பதிவு செய்யப் பணமும் தூண்டியது. 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. 2018இல் வகுத்த தவணைகளில் முதலாவது, 12 வாரத்துக்குள் பதிவு செய்தவருக்கு உரியதாயிற்று. பதிவின்போது தரப்படும் பிக்மி எண் பின்னாளில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படுகிறது. மூன்று மாதம் மூடி வைக்கும் வழக்கத்தை இவை சத்தமில்லாமல் தளர்த்தின. சித்த மருத்துவத்துக்கும் இதில் இடம் உண்டு. அரசின் மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் மாதுளை மணப்பாகும் சேர்க்கப்பட்டது.

சாலையும் வண்டியும் மீதியைச் செய்தன. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. செஞ்சி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகளையும் மீறிய நோய்க்கு முண்டியம்பாக்கமோ புதுச்சேரி ஜிப்மரோ உண்டு. ஏழு மணி நேர வண்டிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்தது.

நோயின் மூலமும் அண்மையில் துலங்கியது. கருவின் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்னும் புரதம் மூளையின் குமட்டல் மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு உடலில் அது குறைவாக உள்ளவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்று மார்லினா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி குழுவினர் 2023 டிசம்பரில் காட்டினார்கள். இது மனநோயும் அல்ல, செல்லம் கொஞ்சுவதும் அல்ல என்பது இதனால் உறுதியாயிற்று.

உதவி இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. தாமதம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் ஏற்படுகிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அது அடர்ந்த நிறத்தில் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் இரத்தம் வருகிறது, பேச்சோ நடையோ குழம்புகிறது என்றால், எத்தனையாவது மாதம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.